பக்கத்து இலை: காரைக்குடி வட்டாரத்தில் வீடற்றவர்களோடு தன்னார்வப் பணி, அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடி வட்டாரத்தில் தெருவில் படுப்பவர்களோடு சேர்ந்து வேலை செய்யும் சிலர் இருக்கிறோம். சங்கம், பதிவு, பேனர் எதுவும் கிடையாது. புதிதாக வர நினைப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே எழுதி வைக்கிறேன். சில கேள்விகள் நாசூக்காக இருக்காது. மனசில் இருப்பதைக் கேட்காமல் விட்டால் அது அங்கேயே தங்கிவிடும் என்பதால் அப்படியே போட்டிருக்கிறேன்.

வீடற்றவர்கள் என்றால் பிச்சை எடுப்பவர்கள்தானே?

இல்லை. பிச்சை எடுத்துவிட்டு ராத்திரி வாடகை வீட்டுக்குத் திரும்புகிறவர்கள் உண்டு. தெருவில் படுத்தும் ஒருநாளும் கை நீட்டாதவர்கள் அதைவிட அதிகம் உண்டு. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வீடு என்று கணக்கில் எடுக்காத இடங்களில், அதாவது சாலையோரம், ரயில் நிலையம், பாலத்தடி, கோயில் மண்டபம் போன்ற இடங்களில் வாழ்பவர்களை வீடற்றவர்கள் என்கிறது. 2011 கணக்கெடுப்பில் பிப்ரவரி 28ஆம் தேதி இரவு இவர்களை மட்டும் தனியாக எண்ணினார்கள். நாடு முழுவதும் சுமார் 17.7 லட்சம் பேர் வந்தார்கள். ஒரே ராத்திரியில் எண்ணியது. பூட்டிய கடை வாசலில் சாக்குக்குள் சுருண்டு கிடப்பவர் டார்ச் அடித்தாலும் கண்ணில் படமாட்டார் என்பதையும் சேர்த்தே அந்த எண்ணைப் படிக்க வேண்டும்.

நம் ஊரில் இருப்பவர்கள் எல்லாம் வெளியூர்க்காரர்கள். அவர்களுக்கு நாம் ஏன்?

பாதி சரி. திருச்சியிலிருந்து புதுக்கோட்டை, காரைக்குடி, மானாமதுரை வழியாக ராமேஸ்வரம் போகிற ரயில் பாதையில் நாம் உட்கார்ந்திருக்கிறோம். யாத்திரை வந்த இடத்தில் கூட்டத்தில் பிரிந்தவர், மனம் கலங்கிக் கிடைத்த ரயிலில் ஏறியவர், கட்டட வேலைக்குக் கூட்டி வந்த ஆள் கூலி கொடுக்காமல் ஓடிப்போனதால் நின்றுவிட்டவர் என்று பலர் இங்கே இறங்கிவிடுகிறார்கள். இந்தியோ வங்காளமோ பேசுவார்கள். நமக்கு அது உளறலாகக் கேட்கும், அவ்வளவுதான்.

மற்ற பாதிப் பேர் இந்தப் பக்கத்து ஆட்கள்தான். கல்லலிலிருந்தும் திருவாடானையிலிருந்தும் பொன்னமராவதியிலிருந்தும் வந்திருப்பார்கள். சொந்த ஊரில் தெருவில் படுக்க யாருக்கும் மனசு வராது. பங்காளி பார்ப்பான், சம்பந்தி வீட்டுக்குச் சேதி போகும். அதனால் பல மைல் தள்ளிப் போய்ப் படுக்கிறார்கள். இப்படித்தான் எந்த ஊரில் கேட்டாலும் தெருவில் கிடப்பவர் வெளியூர்க்காரராகவே இருக்கிறார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வெளியூரில் கையில் காசில்லாமல் நிற்பது செட்டிநாட்டுக்குத் தெரியாத சங்கதியா? 1942இல் ஜப்பான் படை பர்மாவுக்குள் வந்தபோது லட்சக்கணக்கான இந்தியர்கள் அசாம், மணிப்பூர் எல்லையை நோக்கி நடந்தே வந்தார்கள். 1960களில் அங்கே வியாபாரத்தையெல்லாம் அரசாங்கம் எடுத்துக்கொண்டபோது மறுபடியும் ஒரு கூட்டம் கப்பலேறியது. கொண்டுவிற்கப் போனவர்களும், அதாவது கடல் கடந்து தொழிலுக்குப் போனவர்களும், அவர்கள் பெட்டியடியில் (கடையில்) கணக்கெழுதியவர்களும், கூலிக்குப் போனவர்களும் அதில் இருந்தார்கள். வழியில் முகம் தெரியாதவர் ஊற்றிய கஞ்சியைக் குடித்து வந்தவர்கள் அவர்கள். நம் வீடுகளில் அவர்கள் கதையைச் சொல்லும்போது யாரும் சோம்பேறி என்ற வார்த்தையைச் சேர்த்துச் சொல்வதில்லை.

சரி, உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது? உழைத்துச் சாப்பிடலாமே?

அதிகம் வரும் கேள்வி இதுதான். முதலில், பலர் உழைக்கிறார்கள். கல்யாண மண்டபத்தில் இலை எடுப்பது, அண்டா கழுவுவது, சந்தையில் மூட்டை இறக்குவது, கட்டட வேலையில் சித்தாளாகப் போவது, பழைய அட்டையும் பாட்டிலும் பொறுக்கிக் கடையில் போடுவது எல்லாம் வேலைதான். நம் வீட்டுக் கல்யாணத்தில் இலை எடுத்தவர் ராத்திரி எங்கே போய்ப் படுத்தார் என்று நாம் கேட்டதில்லை. வேலை செய்யும்போது அவர் தொழிலாளி, படுக்கும்போது அவரே சோம்பேறி ஆகிவிடுகிறார்.

அப்புறம், தெருவில் படுத்தவர் மறுநாள் வேலைக்குப் போவது எப்படி என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ராத்திரி இரண்டு மணிக்கு எழுப்பி விரட்டுவார்கள். பையைத் தலைக்கு வைக்காவிட்டால் திருடு போகும், வைத்தாலும் போகும். கொசு, நாய், ஐப்பசி கார்த்திகை மழை. நாலு நாள் சேர்ந்தாற்போல் தூங்காதவருக்குச் சாரத்தில் ஏற யார் வேலை கொடுப்பார்கள்? விலாசம் இல்லாதவரைக் கடையில் சேர்க்க மாட்டார்கள். அறுபது தாண்டியவரைச் சித்தாள் வேலைக்குக் கூப்பிட மாட்டார்கள். ஒருமுறை கால் முறிந்தால் கூலி நிற்கும், கூலி நின்றால் வாடகை நிற்கும், வீட்டுக்காரர் மூன்று மாதம் பொறுப்பார். அதற்குமேல் தாங்கிப் பிடிக்க ஒரு தங்கையோ சின்னம்மாவோ இருந்தால் அவர் தெருவுக்கு வரமாட்டார். தெருவுக்கு வந்தவர்களில் பெரும்பாலோரிடம் அந்த ஒரு ஆள் இல்லை. நமக்கும் அவருக்கும் உள்ள வித்தியாசம் சுறுசுறுப்பில் இருக்கிறது என்று நினைப்பது நமக்குச் சௌகரியமான நினைப்பு.

பிள்ளைகள் இருந்தும் சிலர் தெருவில் இருக்கிறார்களே? ஏதோ தப்பு செய்திருப்பார்கள் அல்லவா?

செய்தும் இருக்கலாம். குடித்து மனைவியை அடித்தவரும் அங்கே உண்டு, பிள்ளைகள் அவரை மன்னிக்காததில் நியாயமும் உண்டு. தெருவில் கிடப்பதாலேயே ஒருவர் நல்லவர் ஆகிவிடுவதில்லை. நல்லவர்களுக்கு மட்டும்தான் சோறு என்று நம் வீட்டுக் கூடத்திலும் சட்டம் கிடையாதே.

ஆனால் வயதானவர்கள் விஷயத்தில் நாங்கள் அடிக்கடி பார்ப்பது வேறு. இருந்த ஒரே வீட்டை மகன் பேருக்கு எழுதிக் கொடுத்திருப்பார்கள். எழுதும்வரை சோறு, எழுதியபின் திண்ணை, திண்ணைக்கு அப்புறம் பஸ் ஸ்டாண்டு. இதற்குச் சட்டம் இருக்கிறது. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் 2007இல் வந்தது. கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனுக் கொடுக்கலாம். நம் பக்கத்துக்குத் தேவகோட்டை வருவாய்க் கோட்டம். வக்கீல் வைக்காமலே மனுப் போடலாம். மாதம் 10,000 ரூபாய் வரை பராமரிப்புத் தொகை தரச் சொல்ல அந்தச் சட்டத்தில் இடம் இருக்கிறது. பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதிக் கொடுத்த சொத்தை, பார்த்துக்கொள்ளாவிட்டால் ரத்து செய்யக் கேட்கவும் 23ஆம் பிரிவு வழி செய்கிறது. பத்திரத்திலேயே அந்த நிபந்தனை இருந்தால் வேலை சுலபம். செட்டில்மென்ட் எழுதப் போகிறவர்கள் யாராவது இதைப் படித்தால் அந்த ஒரு வரியைச் சேர்க்கச் சொல்லுங்கள்.

இவ்வளவு சொன்னாலும் அப்பத்தா மனுப் போடச் சம்மதிக்காது. “எம் புள்ளை மேல நானே கேஸ் போடவா?” என்று எழுந்து போய்விடும். அதையும் மதிக்கத்தான் வேண்டும்.

அழுக்காக இருக்கிறார்கள், நாற்றம் அடிக்கிறது. பக்கத்தில் போக முடியவில்லை என்றால் அது தப்பா?

மூக்குக்குத் தப்பு, சரி எல்லாம் தெரியாது. ஆனால் ஒன்று சொல்கிறேன். தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து காவடியோடு சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல் வழியாகப் பழனிக்கு நடந்து போகிறார்கள். வழியில் ரோட்டோரம் துண்டை விரித்துப் படுக்கிறார்கள். காலெல்லாம் கொப்புளம், உடம்பெல்லாம் புழுதி, தாடி. முன்பின் தெரியாதவர் நீட்டும் சாப்பாட்டைக் கை நீட்டி வாங்குகிறார்கள். அவர்கள் காலைப் பிடித்துவிட வழியெல்லாம் ஆள் நிற்கிறது. அதே புழுதி, அதே ரோட்டோரம்தான். போகிறவருக்கு ஒரு வீடு உண்டு என்று நமக்குத் தெரிந்திருப்பதால் அங்கே மூக்கைப் பிடிக்கத் தோன்றுவதில்லை.

குளிக்காததற்குக் காரணமும் சின்னதுதான். பல பேரிடம் உடுத்தியிருக்கும் துணியைத் தவிர வேறு துணி கிடையாது. துவைத்தால் காயும்வரை எதை உடுத்துவது? கட்டணக் குளியலறைக்குக் காசு வேண்டும், உள்ளே போகும்போது பையை வெளியே யாரிடம் விட்டுவிட்டுப் போவது? ஒரு மாற்று வேட்டியும், பையைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆளும் இருந்தால் பாதிப் பேர் அன்றைக்கே குளித்துவிடுவார்கள். பையைப் பார்த்துக்கொள்வது எங்கள் வேலைகளில் முக்கியமான ஒன்று. யாரும் இதைத் தொண்டு என்று நம்ப மாட்டார்கள்.

மனநிலை சரியில்லாதவர்கள் அடித்துவிடுவார்கள் என்று பயமாக இருக்கிறது.

பயம் இருந்தால் தள்ளியே நில்லுங்கள், அதில் வெட்கம் இல்லை. தெருவில் மனநோயோடு இருப்பவர் பிறரை அடிப்பதைவிடப் பிறரிடம் அடிபடுவதுதான் நாங்கள் அதிகம் பார்ப்பது. கல்லெறிகிறார்கள், தண்ணீர் ஊற்றி எழுப்புகிறார்கள். பெண்களுக்கு நடப்பதை இங்கே எழுத வேண்டாம்.

நமக்குப் பக்கத்தில், ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி ஒரு கொட்டகை தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டிப் போட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் செத்துப் போனார்கள். ஓட முடியவில்லை. அவர்களும் ஏதோ ஒரு வீட்டிலிருந்து கொண்டுவந்து விடப்பட்டவர்கள்தான். இப்போது மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017 இருக்கிறது. தன்னைத்தானே கவனித்துக்கொள்ள முடியாமல் மனநோயோடு அலைகிறவரைப் பாதுகாப்பில் எடுப்பது காவல் துறையின் கடமை என்று அதன் 100ஆம் பிரிவு சொல்கிறது. 24 மணி நேரத்துக்குள் பக்கத்து அரசு மருத்துவமனைக்குப் பரிசோதனைக்குக் கொண்டுபோக வேண்டும். லாக்கப்பிலோ சிறையிலோ வைக்கக் கூடாது. காணாமல் போனவர் என்று முதல் தகவல் அறிக்கை பதிந்து குடும்பத்தைத் தேட வேண்டும். நிலையத்துக்குப் போகும்போது இந்தப் பிரிவை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். பேச்சு சீக்கிரம் முடியும்.

இப்படிப்பட்டவர்களைச் சேர்த்துக் குணப்படுத்த அரசு சில மாவட்டங்களில் அவசர சிகிச்சை மற்றும் மீட்பு மையங்களை நடத்துகிறது. புதுக்கோட்டையில் ஒன்று இருக்கிறது. மருந்து பிடித்துப் பேச ஆரம்பித்ததும் ஊர் பேர் வந்துவிடும். சும்மா ‘பைத்தியம்’ என்று பல வருஷம் கடந்து போன ஆள், வாத்தியாராக இருந்தவர் என்றோ நன்றாகத் தையல் தெரிந்தவர் என்றோ அப்போதுதான் தெரியவரும். என்ன செய்வது என்று தெரியாவிட்டால் 14416 என்ற டெலிமானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் தமிழிலேயே கேட்கலாம்.

நம் பக்கம் அன்னதானத்துக்குக் குறைவே இல்லை. அதற்குமேல் என்ன செய்ய?

இந்தக் கேள்விக்காகத்தான் இந்தப் பக்கமே. காசியிலிருந்து ராமேஸ்வரம் வரை சத்திரம் கட்டிச் சோறு போட்ட மண் இது. நம் ஆட்களுக்கு ஆயிரம் இலை போடுவது பெரிய காரியம் இல்லை. அன்னதானம் வயிற்றை நிறைக்கிறது, அதைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் நம் மனசிலிருக்கும் இளக்காரத்தை அது அசைப்பதில்லை. வரிசையில் நிற்கிறவரை நாம் பத்து வினாடி பார்க்கிறோம். கை மேலே, கை கீழே. அவர் கும்பிடுகிறார், நாம் அடுத்தவருக்கு ஊற்றுகிறோம். ஆயிரம் பேருக்குப் போட்டுவிட்டு ஒரு பேரும் தெரியாமல் வீட்டுக்கு வருகிறோம். சில சமயம் இளக்காரம் கூடியும் போகிறது. “ரெண்டாவது தடவை வந்து நிக்கிறான் பாரு” என்று பந்தியில் கேட்காதவர் யார்?

அமெரிக்க உளவியலாளர் கோர்டன் ஆல்போர்ட் 1954இல் இதைப் பற்றி எழுதினார். இரண்டு கூட்டத்தார் சும்மா எதிரெதிரே பார்த்துக்கொள்வதால் வெறுப்பு குறையாது. சமமாக உட்கார வேண்டும், ஒரே காரியத்துக்காக வேலை செய்ய வேண்டும், போட்டியில்லாமல் ஒத்தாசையாகச் செய்ய வேண்டும், ஊர்ப் பெரியவர்களும் சட்டமும் அதை ஆதரிக்க வேண்டும் என்றார். பின்னால் தாமஸ் பெட்டிக்ரூ, லிண்டா ட்ராப் என்ற இருவர் 515 ஆய்வுகளை ஒன்றாக அலசி 2006இல் வெளியிட்டார்கள். பழக்கம் வந்தால் வெறுப்பு பொதுவாகக் குறையவே செய்கிறது, ஆல்போர்ட் சொன்ன நிபந்தனைகள் இருந்தால் இன்னும் நன்றாகக் குறைகிறது என்று தெரிந்தது.

நம் ஊர்க் கணக்கில் சொன்னால், இலை போடத் தெரிந்த நமக்குப் பக்கத்து இலையில் உட்காருவதுதான் பாக்கி. அதனால் எங்கள் சமையலில் காய் நறுக்குவது, பொட்டலம் கட்டுவது, பரிமாறுவது எல்லாவற்றிலும் தெருவில் இருப்பவர்களும் சேர்ந்துகொள்கிறார்கள். வரிசையில் யாருக்கு மூட்டுவலி, யாரை முதலில் உட்காரவைக்க வேண்டும், யாருக்குச் சர்க்கரை என்று அவர்களுக்குத்தான் தெரியும். பழைய மண்டபச் சமையல்காரர் ஒருவர் எங்களில் இருக்கிறார். சாம்பார் சாதத்துக்குத் தண்ணீர் எவ்வளவு என்பதில் அவர் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. வங்கி அதிகாரியாக ஓய்வு பெற்ற அண்ணன் அவரிடம் கரண்டி பிடிப்பது எப்படி என்று திட்டு வாங்குவார். பரிமாறி முடித்ததும் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுகிறோம். இதைச் செய்ய மனசில்லாதவர்கள் பணம் கொடுத்தால் போதும். சந்தோஷமாக வாங்கிக்கொள்வோம், அரிசி விலை அப்படி இருக்கிறது.

ஒருநாள் பிறந்தநாளுக்கு வந்து உணவு கொடுத்துவிட்டுப் போகலாமா?

கொடுக்கலாம். உங்களுக்குள் எதுவும் மாறும் என்று மட்டும் எதிர்பார்க்க வேண்டாம். அமாவாசை, கல்யாண நாள், தலைவர்கள் பிறந்தநாள் என்றால் ஒரே ஆளுக்கு நாலு பொட்டலம் வரும். செவ்வாய்க்கிழமை ராத்திரி ஒன்றும் இருக்காது. முடிந்தால் அந்தச் செவ்வாய்க்கிழமையை எடுத்துக்கொள்ளுங்கள். மண்டபத்தில் மீந்ததைக் கொண்டுவருவதாக இருந்தால் ராத்திரி பத்தரைக்கு அல்ல, பந்தி முடிந்த கையோடு கொண்டுவாருங்கள். கெட்டுப்போன தயிர்சாதத்தால் வயிற்றுப்போக்கு வந்தால், கழிவறை இல்லாதவர் எங்கே போவார்?

வந்தால் மனசு கட்டாயம் மாறிவிடுமா?

கட்டாயம் இல்லை. பெரிய எதிர்பார்ப்போடு வந்து, ‘இவ்வளவு செய்தும் திருந்தவில்லை’ என்று கசந்துபோய் நின்றுவிடுகிறவர்களைப் பார்த்திருக்கிறோம். திருத்த வந்தவர்களுக்குத்தான் அந்தக் கசப்பு. அதே ஆளிடம், அதே கிழமையில், திரும்பத் திரும்பப் போய் உட்கார்ந்தவர்கள் பெரும்பாலும் வேறு மாதிரிப் பேச ஆரம்பிக்கிறார்கள். ‘அவங்க எல்லாம்’ என்பது போய், ‘முருகேசண்ணன் இருக்காருல்ல’ என்று பேச்சில் பெயர் வந்துவிடும். பேருக்குத்தான் முருகேசன் என்று எழுதினேன், யாருடைய பெயரையும் இங்கே போடமாட்டேன்.

முதல் நாள் என்ன பேசுவது?

நின்றுகொண்டு பேசாதீர்கள். உட்காருங்கள். அண்ணே, ஐயா, அக்கா, ஆத்தா என்று வயசுக்குத் தக்கபடி கூப்பிடுங்கள், உங்கள் வீட்டில் கூப்பிடுவதுபோல. வாடா போடா என்று ஆரம்பித்தால் அன்றோடு சரி. “ஏன் இப்படி ஆனீங்க?” என்று முதல் நாள் கேட்கக் கூடாது. மழை வந்ததா, நேற்று தூக்கம் வந்ததா, கால் வீக்கம் எப்படி என்று கேளுங்கள். கதை தானாக வரும்போது வரும். ஒவ்வொரு தடவையும் வேறு கதை சொன்னால் பொய்யர் என்று முடிவுகட்ட வேண்டாம். போலீஸுக்கு ஒன்று, தர்மம் போடுகிறவருக்கு ஒன்று என்று சொல்லிப் பழகியவர் உங்களை எந்தப் பக்கம் சேர்ப்பது என்று இன்னும் முடிவு செய்திருக்க மாட்டார்.

தமிழ் தெரியாதவரிடம் மாவட்டம் எது என்று கேட்டால் பதில் கிடைக்காது. உங்கள் ஊருக்கு எந்த ஸ்டேஷனில் இறங்க வேண்டும், பக்கத்தில் என்ன ஆறு, சந்தை எந்தக் கிழமை என்று கேட்கச் சொல்லுங்கள். இந்தி தெரிந்த ஒரு ரயில்வே ஊழியரோ, சாந்து வேலைக்கு வந்திருக்கும் பீகார்ப் பையனோ பத்து நிமிஷத்தில் கண்டுபிடித்துவிடுவார். ஊர் தெரிந்ததும் அவசரப்பட்டு போன் போடக் கூடாது. அவருக்குப் போக விருப்பமா என்று கேட்க வேண்டும். வீட்டில் அடி தாங்காமல் ஓடி வந்தவர்களும் உண்டு.

காசு கொடுத்தால் குடித்துவிடுவார்களே?

சிலர் குடிப்பார்கள். கொசுக்கடியிலும் குளிரிலும் தூக்கம் வர வேறு வழி தெரியாமல் ஆரம்பித்தவர்களும், குடியாலேயே தெருவுக்கு வந்தவர்களும் இருக்கிறார்கள். வாசலில் வந்து நிற்கும் வீடுள்ளவர்களால்தான் டாஸ்மாக் கடை ஓடுகிறது என்பதையும் மறக்க வேண்டாம். காசு கொடுப்பதா வேண்டாமா என்பது உங்கள் இஷ்டம். கொடுத்தால் கணக்குக் கேட்காதீர்கள். நாங்கள் குழுவாகக் காசு கொடுப்பதில்லை, மருந்து, டிக்கெட், செருப்பு, போர்வை என்று வாங்கிக் கொடுக்கிறோம். குடித்திருப்பவருக்கும் சோறு உண்டு.

படம் எடுத்துப் போடலாமா?

கூடாது. காலில் புண்ணோடு நிற்பவரின் முகத்தை ஊரிலிருக்கும் அவர் மகள் வாட்ஸாப்பில் பார்க்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

போலீஸ் ஏன் அவர்களை அள்ளிக்கொண்டு போகிறது? அது சரிதானே?

தமிழ்நாட்டில் பிச்சையெடுத்தலைத் தடுக்க 1945ஆம் வருஷத்துச் சட்டம் ஒன்று இருக்கிறது. திருவிழா, மந்திரி வருகை என்றால் அந்தச் சட்டத்தின் பேரைச் சொல்லித் தெருவைச் ‘சுத்தம்’ செய்வது பல ஊர்களில் நடப்பது. டெல்லியில் இதே மாதிரி நடப்பிலிருந்த சட்டத்தின் பிரிவுகளை 2018 ஆகஸ்டில் டெல்லி உயர் நீதிமன்றம் செல்லாது என்றது. பிச்சைக்காரர்களைத் தெருவிலிருந்து அகற்றக் கோரிய வழக்கில் 2021 ஜூலையில் உச்ச நீதிமன்றமும் அப்படி உத்தரவிட மறுத்தது. வறுமை இல்லாவிட்டால் யாரும் அதற்குப் போகமாட்டார்கள் என்பதே நீதிபதிகள் சொன்னதன் சாரம். அள்ளிக்கொண்டு போனால் எங்கே கொண்டுபோகிறார்கள் என்று கேட்டு வையுங்கள். அடுத்த ஊர் எல்லையில் இறக்கிவிடுவது மறுவாழ்வு ஆகாது.

அரசாங்க விடுதி இருக்கும்போது ஏன் தெருவில் இருக்கிறார்கள்?

நகரில் 1 லட்சம் மக்களுக்கு 100 பேர் தங்கும் அளவில், வருஷம் முழுக்க, 24 மணி நேரமும் திறந்திருக்கும் நிரந்தரத் தங்குமிடம் வேண்டும் என்று 2013இல் வந்த தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கம் சொன்னது. காரைக்குடி 2011 கணக்கெடுப்பிலேயே 1 லட்சத்தைத் தாண்டிவிட்டது, 2024இல் மாநகராட்சியும் ஆகிவிட்டது. ஆக, கேட்க நமக்கு வாய் இருக்கிறது. வார்டு கவுன்சிலரிடம் கேளுங்கள்.

இடம் இருந்தும் போகாதவர்களுக்குக் காரணம் உண்டு. புருஷன் பெண்டாட்டியைப் பிரித்து வைப்பார்கள். கூடவே சுற்றும் நாயை விடமாட்டார்கள். அதிகாலை மூட்டை வேலைக்குப் போகிறவருக்குக் கதவு திறக்கும் நேரம் ஒத்துவராது. அடைத்துவிடுவார்கள் என்ற பயம் பழைய அனுபவத்திலிருந்து வந்தது. ஒருமுறை கூடவே போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வர வாய்ப்புக் கொடுத்தால் சிலர் தங்கிவிடுகிறார்கள்.

இத்தனை செட்டிநாட்டு வீடுகள் பூட்டிக் கிடக்கின்றனவே, நாலு வீட்டைத் திறந்துவிட்டால் என்ன?

மேடைப் பேச்சுக்கு நன்றாக இருக்கும். கானாடுகாத்தானிலும் பள்ளத்தூரிலும் பூட்டிக் கிடக்கும் வீடு ஒவ்வொன்றிலும் எத்தனை புள்ளிக்கு, அதாவது எத்தனை குடும்பத்துக்கு, பங்கு என்று தெரிந்தவர்கள் இப்படிக் கேட்க மாட்டார்கள். ஒரு ஓடு மாற்றவே சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருப்பவர்கள் ஒத்துக்கொள்ள வேண்டும். அதை விடுங்கள். வழிப்போக்கர் படுக்க என்று கட்டிய திண்ணைக்குக் கம்பிக் கதவு போட்டிருக்கிறோமே, அது ஒரு பங்கு வீட்டுக்காரர் தனியாக முடிவு செய்யக்கூடிய விஷயம். மழைக்காலத்தில் மட்டும் பூட்டைத் திறந்து வைப்பவர்கள் சிலர் இருக்கிறார்கள். ஊர்க்காவலுக்கு இருக்கும் ஆளிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும்.

ஆதார், ரேஷன், பென்ஷன் வாங்கிக் கொடுக்க முடியுமா?

முடியும். ஆனால் நடையாய் நடக்க வேண்டும். படித்த, மரியாதையாக உடுத்திய ஒரு ஆள் கூடப் போனால் அதே மேசையில் அதே அலுவலர் வேறு குரலில் பேசுவார். அதைப் பக்கத்தில் நின்று பார்ப்பதைவிடப் பெரிய பாடம் எங்களிடம் இல்லை. முதியோர் உதவித்தொகையை 2023இல் மாதம் 1,000 ரூபாயிலிருந்து 1,200 ரூபாயாகக் கூட்டினார்கள். அதற்கு ஆதாரும் வங்கிக் கணக்கும் வேண்டும், ஆதாருக்கு விலாசம் வேண்டும் என்று சுற்றும்.

ஓட்டு விஷயம் பலருக்குத் தெரியாது. வீடில்லாதவரும் வாக்காளர் ஆகலாம். வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கும் படிவம் 6இல் அவர் தாம் படுக்கும் இடத்தை எழுதிக் கொடுத்தால், வாக்குச்சாவடி நிலை அலுவலர் ராத்திரி நேரத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட நாள் வந்து அவர் அங்கே படுக்கிறாரா என்று பார்க்க வேண்டும். பார்த்து உறுதி செய்துவிட்டால் வசிப்பிடத்துக்கு வேறு சான்று கேட்கக் கூடாது என்பது தேர்தல் ஆணையத்தின் விதி. கோயில் மண்டபத்தை விலாசமாகப் போட்டு வாக்காளர் அட்டை வாங்குகிற அன்றைக்கு அந்த மனிதர் நடக்கும் நடையே வேறு.

பெண்கள் வரலாமா? பிள்ளைகளைக் கூட்டி வரலாமா?

இருவருமே வரலாம். பெண்கள் தேவை, ஏனென்றால் தெருவில் இருக்கும் பெண்கள் ஆண்களிடம் பேச மாட்டார்கள். நாப்கின் வேண்டும் என்று என்னிடம் யார் கேட்பார்கள்? யாராக இருந்தாலும் இரண்டு பேராகத்தான் போக வேண்டும், ஒன்பதரைக்குள் திரும்பிவிட வேண்டும். வீட்டு விலாசத்தைக் கொடுக்க வேண்டாம். புழு வைத்த புண்ணை நீங்களாகத் தொட வேண்டாம், 108க்குச் சொல்லி அரசுத் தலைமை மருத்துவமனைக்குக் கூடப் போங்கள். தனியாக ஒரு குழந்தையைப் பார்த்தால் குழந்தைகள் உதவி எண் 1098க்குச் சொல்லுங்கள்.

பிள்ளைகள் பத்து வயசுக்கு மேல் இருந்தால் நல்லது. ‘நல்லாப் படிக்கலேன்னா இப்படித்தான் ஆவே’ என்று காட்டுவதற்காகக் கூட்டி வருகிறவர்கள் தயவுசெய்து வீட்டிலேயே இருங்கள். கூட்டி வந்தால் தண்ணீர் ஊற்றும் வேலையைக் கொடுங்கள், சாப்பிடும்போது நடுவில் உட்கார வையுங்கள். செருப்பு சாதாரணமானதாக, துணி அழுக்கானாலும் பரவாயில்லாததாக இருக்கட்டும். தட்டு, டம்ளர் அவரவர் கொண்டுவர வேண்டும்.